பிடல் காஸ்ட்ரோ: ஒரு சீர்தூக்கல்

சென்ற பருவத்தில் நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைப் படிப்பு வட்டத்தில் கியூபப் புரட்சியைப் பற்றிப் பேசும் பணி எனக்குத் தரப்பட்டது. என் அறைச் சுவரில் பிடல் காஸ்ட்ரோவின் படம் தொங்குவதை அறிந்த நண்பர்கள்தாம் என் பெயரை முன்மொழிந்தார்கள். ஒரு மணி நேரம் உணர்ச்சியோடு பேசினேன். கைதட்டலும் கிடைத்தது. முடிவில் முதலாண்டு மாணவர் ஒருவர் எழுந்து, "அண்ணா, நம்மைப் போல யாரையும் கேளாமல் ஒரு சங்கம் தொடங்கி, நம் இதழைப் போல ஓர் இதழ் வெளியிட அந்த நாட்டு மாணவர்களால் முடியுமா?" என்று கேட்டார்.

நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். மழுப்பியதை அவரும் அறிந்தார், நானும் அறிந்தேன். அதன் பிறகு பல நாள் நூலகத்தில் அமர்ந்து, காஸ்ட்ரோவைப் போற்றுவோர் எழுதியவற்றையும் தூற்றுவோர் எழுதியவற்றையும் ஒருங்கே படித்தேன். இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தரும் காலந்தாழ்ந்த விடை.

எடை போடும் முறை

பெருந்தலைவர் ஒருவரை மதிப்பிடும்போது நாம் இரண்டு தவறுகளைச் செய்கிறோம். அவர் செய்த நன்மையைக் கண்டு தீமையை மன்னித்துவிடுவது ஒன்று. தீமையைக் கண்டு நன்மையை மறுத்துவிடுவது மற்றொன்று. நன்மையையும் தீமையையும் கூட்டிக் கழித்து, 'மொத்தத்தில் நல்லவர்' என்றோ 'மொத்தத்தில் கெட்டவர்' என்றோ முடிப்பதும் எனக்கு உடன்பாடன்று. சிறையில் கிடந்தவனின் இருபது ஆண்டுகளை, எழுதக் கற்றுக்கொண்ட உழவனின் கையெழுத்தைக் கொண்டு எப்படிக் கழிப்பது? இரண்டும் வெவ்வேறு மனிதர்களின் கணக்குகள் அல்லவா?

ஆகவே நான்கு கேள்விகளை வகுத்துக்கொண்டேன். அவர் தொடங்கியபோது நாடு எந்த நிலையில் இருந்தது? அவர் கொடுத்த வாக்கு எது, செய்தது எது? நேர்ந்த துன்பத்தில் பகைவரின் பங்கு எவ்வளவு, அவருடைய பங்கு எவ்வளவு? செய்த தீமை, செய்த நன்மைக்கு இன்றியமையாததாக இருந்ததா? இந்த நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தொடங்கிய இடம்

கியூபா ஸ்பெயினின் ஆட்சியிலிருந்து 1898-இல் விடுபட்டது. ஆனால் முழு விடுதலை பெறவில்லை. 1901-இன் பிளாட் திருத்தம் அத்தீவின் உள்விவகாரங்களில் தலையிடும் உரிமையை அமெரிக்காவுக்கு அளித்தது. 1934-இல் அந்தத் திருத்தம் நீங்கியபோதும் குவாண்டானமோ கடற்படைத் தளம் நீங்கவில்லை. இன்றும் அது அங்கே இருக்கிறது. நாட்டின் ஏற்றுமதியில் பெரும்பகுதி சர்க்கரை. கரும்பு வெட்டும் சில மாதங்களில் வேலையும், எஞ்சிய மாதங்களில் பட்டினியும் என்பதே கூலியாட்களின் வாழ்க்கை.

எனினும் புரட்சிக்கு முந்திய கியூபா ஒரு பாலைவனம் என்று சொல்வது உண்மையாகாது. இலத்தீன் அமெரிக்க நாடுகளுக்குள் படித்தவர்களும் மருத்துவர்களும் மிகுந்த நாடுகளில் அதுவும் ஒன்று. குறை எங்கே இருந்தது என்றால், பங்கீட்டில் இருந்தது. 1953-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி நாடு முழுவதிலும் ஏறத்தாழ நூற்றுக்கு 24 பேர் எழுத்தறியாதவர்கள். நகரத்தில் இது சுமார் 11. நாட்டுப்புறத்திலோ 40-க்கும் மேல். ஆவானாவின் ஒளிவிளக்குகளுக்கும் மலைக்கிராமத்தின் இருளுக்கும் இடையே இருந்த தொலைவு இதுதான்.

கொடுத்த வாக்கு

1926-இல் ஒரு கரும்புப் பண்ணையாரின் மகனாகப் பிறந்த காஸ்ட்ரோ, ஆவானாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1950-இல் பட்டம் பெற்றார். 1952 மார்ச்சில் பாட்டிஸ்டா படைபலத்தால் ஆட்சியைக் கைப்பற்றியபோது, அந்த இளம் வழக்கறிஞர் முதலில் எடுத்த கருவி துப்பாக்கியன்று. அரசியலமைப்பை மீறியவர் என்று பாட்டிஸ்டாமீது நீதிமன்றத்தில் மனுச் செய்தார். நண்பர்களோடு சேர்ந்து சைக்ளோஸ்டைல் செய்த இரகசியத் தாள் ஒன்றையும் வெளியிட்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1953 ஜூலை 26-இல் சாந்தியாகோவின் மொன்காடா படைமுகாமைத் தாக்கினார், தோற்றார். பிடிபட்ட தோழர்களில் பலர் விசாரணையின்றிக் கொல்லப்பட்டனர். நீதிமன்றத்தில் அவர் தமக்காகத் தாமே வாதாடி நிகழ்த்திய உரை உலகப் புகழ் பெற்றது. அந்த உரையில் அவர் கேட்டது பொதுவுடைமை ஆட்சியன்று. பாட்டிஸ்டா கிழித்தெறிந்த 1940-ஆம் ஆண்டு அரசியலமைப்பு மீண்டும் நடைமுறைக்கு வரவேண்டும். உழுபவனுக்கு நிலம் வேண்டும். பள்ளியும் வீடும் வேலையும் வேண்டும் என்பனவே கோரிக்கைகள். 15 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் இரண்டு ஆண்டு நிறைவதற்கு முன்பே, 1955 மே மாதம், பொதுமன்னிப்பில் வெளியே வந்தார்.

பிறகு மெக்சிகோ. அங்கிருந்து 82 பேர் 'கிரான்மா' என்னும் சிறு கப்பலில் 1956 டிசம்பர் 2-இல் வந்து இறங்கினர். முதல் சில நாட்களிலேயே சிதறடிக்கப்பட்டு, இருபது பேரளவில்தான் சியெரா மாயெஸ்திரா மலையில் மீண்டும் ஒன்றுகூடினர். இரண்டே ஆண்டுகளில், 1959 சனவரி முதல் நாள், பாட்டிஸ்டா நாட்டை விட்டு ஓடினார். ஆயுதம் மட்டும் அவ்வெற்றியைத் தரவில்லை. தேர்தலும் சட்டத்தின் ஆட்சியும் திரும்பும் என்று மலையிலிருந்து தரப்பட்ட வாக்கை நம்பி, நகரத்து நடுத்தர வகுப்பாரும் மாணவர்களும் அவர் பின்னே நின்றார்கள்.

வரவுப் பக்கம்

நிறைவேறிய வாக்குகளை முதலில் சொல்கிறேன். 1959 மே மாதத்து நிலச் சீர்திருத்தச் சட்டம் பெரும்பண்ணைகளுக்கு ஏறத்தாழ 400 ஹெக்டேர் என்று உச்சவரம்பு கட்டியது. குத்தகை உழவர் பல்லாயிரவர் தாம் உழுத நிலத்துக்கு உரிமையாளர் ஆயினர். கறுப்பின மக்கள் கால்வைக்கக் கூடாதென்று வேலியிட்டிருந்த கடற்கரைகள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன.

1961-இல் நடந்த எழுத்தறிவு இயக்கம் உலகம் கண்டு வியந்த ஒன்று. ஏறத்தாழ ஓர் இலட்சம் பள்ளி மாணவ மாணவியர், பலர் பதினைந்து பதினாறு வயதினர், கையில் ஒரு விளக்கும் பாடநூலும் ஏந்தி மலைக்கும் வயலுக்கும் சென்றனர். பகலில் உழவனோடு உழைத்து, இரவில் அவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தனர். கொன்ராடோ பெனிடெஸ் என்ற இளம் ஆசிரியர் எதிர்ப்படையினரால் கொல்லப்பட்டபோதும் இயக்கம் நிற்கவில்லை. அவ்வாண்டு முடிவில் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதப் படிக்கக் கற்றனர். எழுத்தறியாமை நூற்றுக்கு 4 என்ற அளவுக்கு இறங்கிவிட்டதாக அரசு அறிவித்தது.

மருத்துவத்தின் கதையும் அத்தகையதே. புரட்சி வந்தபோது இருந்த ஏறத்தாழ 6,000 மருத்துவர்களில் பாதிப்பேர் நாட்டை விட்டுச் சென்றனர். அந்த வெறுமையிலிருந்து தொடங்கி, கட்டணமில்லா மருத்துவம் ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் சென்றது. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறப்பவை காஸ்ட்ரோ மறைந்த 2016-இல் ஐந்துக்கும் குறைவு. அவர் ஆட்சிக்கு வந்த காலத்தில் அது முப்பதுக்கும் மேல். தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த முதல் நாடு என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனம் கியூபாவுக்குச் சான்று வழங்கியது. 1963-இல் அல்ஜீரியாவில் தொடங்கி 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் எபோலாக் கொள்ளைநோய் வரை, கியூப மருத்துவர்கள் செல்லாத துன்பநிலம் குறைவு.

ஆப்பிரிக்காவில் அவர் செய்ததையும் இங்கே சேர்க்க வேண்டும். 1975 முதல் 1991 வரை கியூபப் படை அங்கோலாவில் நின்றது. நிறவெறித் தென்னாப்பிரிக்காவின் படையை அது தடுத்து நிறுத்தியது, 1990-இல் நமீபியா விடுதலை பெறுவதற்குத் துணையாயிற்று. ஆப்பிரிக்க மண்ணில் கியூப இளைஞர் இரண்டாயிரவருக்கும் மேல் உயிர் நீத்தனர். நெல்சன் மண்டேலா சிறையிலிருந்து வெளிவந்த மறு ஆண்டே, 1991 ஜூலையில், கியூபாவுக்குச் சென்று நன்றி கூறினார். அந்த நன்றி பொய்யன்று.

செலவுப் பக்கம்

இனி மறுபக்கம். தேர்தல் வரும் என்ற வாக்கு நிறைவேறவில்லை. பல கட்சிகள் போட்டியிடும் தேர்தல் ஒன்றையேனும் காஸ்ட்ரோ தம் ஆட்சிக்காலம் முழுவதிலும் நடத்தவில்லை. பாட்டிஸ்டாவின் கையாட்கள் என்று சில நூறு பேர் 1959-இன் முதல் மாதங்களில் அவசர விசாரணைக்குப்பின் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களுள் உண்மையான கொலைகாரர்கள் பலர் இருந்தனர் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதே ஆண்டு மார்ச்சில், பாட்டிஸ்டாவின் விமானப்படையைச் சேர்ந்த நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் புரட்சி நீதிமன்றமே குற்றமற்றவர் என்று விடுவித்தது. காஸ்ட்ரோ அத்தீர்ப்பை ஏற்காமல் மறுவிசாரணைக்கு ஆணையிட்டு, அவர்களுக்குத் தண்டனை வாங்கித் தந்தார். அரசியலமைப்பின் பெயரால் வாதாடிய வழக்கறிஞர் நீதிமன்றத்துக்கு மேலே ஏறி நின்ற நாள் அது.

ஊபர் மாட்டோஸ் என்பவர் பள்ளி ஆசிரியர்; மலையில் காஸ்ட்ரோவோடு தோளோடு தோள் நின்ற தளபதி. ஆட்சியில் பொதுவுடைமைக் கட்சியினரின் செல்வாக்குப் பெருகுவதைக் குறைகூறி, 1959 அக்டோபரில் பதவி விலகினார். அவர் படை திரட்டவில்லை. விலகல் கடிதம்தான் எழுதினார். துரோகி என்று 20 ஆண்டுத் தண்டனை விதித்தார்கள். அவர் அந்த 20 ஆண்டுகளையும் முழுமையாகச் சிறையில் கழித்து 1979-இல் வெளியே வந்தார். படைமுகாமைத் தாக்கிய காஸ்ட்ரோவைக் கொடுங்கோலன் பாட்டிஸ்டா இரண்டு ஆண்டுக்குள் விடுதலை செய்தான். கடிதம் எழுதிய மாட்டோஸைப் புரட்சியாளர் காஸ்ட்ரோ ஒரு நாளும் குறைக்காமல் சிறைவைத்தார். இந்த ஒப்பீட்டைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன்.

1960-க்குள் சுதந்திரப் பத்திரிகைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன அல்லது அரசின் கைக்கு மாறின. 1961 ஜூனில் எழுத்தாளர்களைக் கூட்டி வைத்து, புரட்சிக்கு உள்ளே எல்லாம் உண்டு, புரட்சிக்கு எதிராக எதுவும் இல்லை என்ற பொருள்பட அவர் பேசினார். எது உள்ளே, எது எதிர் என்று தீர்மானிப்பவர் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. 1971-இல் எபெர்ட்டோ படில்லா என்ற கவிஞர் கைது செய்யப்பட்டு, பின்னர் சக எழுத்தாளர்களின் முன்னிலையில் தம்மைத்தாமே பழித்துப் பேச வைக்கப்பட்டார். அதுவரை கியூபாவைப் போற்றிவந்த சார்த்தர் முதலிய அறிஞர்களே அதைக் கண்டித்து எழுதினர். 1965 முதல் 1968 வரை, 'உற்பத்திக்கு உதவும் படைப்பிரிவுகள்' என்ற பெயரில் அமைந்த வேலை முகாம்களில், ஒருபால் விருப்பினரும் யெகோவாவின் சாட்சிகள் முதலிய சமயத்தாரும் அடைக்கப்பட்டனர். 2003-இல் 75 மாற்றுக் கருத்தாளர்கள் நீண்ட தண்டனை பெற்றனர். அவர்களுள் இதழாளர் பலர்.

பொருளாதாரத்திலும் ஒரு மனிதரின் பிடிவாதம் ஒரு நாட்டை வருத்தியது. 1968-இல் சிறு கடைகளும் பட்டறைகளும் ஐம்பதாயிரத்துக்கு மேல் அரசுடைமையாயின. 1970-இல் ஒரு கோடி டன் சர்க்கரை என்று இலக்கு வைத்து, மற்ற வேலைகளையெல்லாம் நிறுத்தி மக்களைக் கரும்புக்காட்டுக்கு அனுப்பினார். கிறிஸ்துமஸ் விடுமுறையும் அதற்காகவே நீக்கப்பட்டது; 1997-இல்தான் அது திரும்பியது. கிடைத்தது 85 இலட்சம் டன் அளவே. அவர் அவ்வாண்டு ஜூலையில் மக்கள் முன் தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் தவறை முன்பே சுட்டிக்காட்டக்கூடிய பத்திரிகையோ எதிர்க்கட்சியோ இருந்திருந்தால், ஒப்புக்கொள்ளும் நிலையே வந்திராது அல்லவா?

பகைவரின் பங்கு

இவற்றுக்கெல்லாம் அமெரிக்காவே காரணம் என்பது நான் படிப்பு வட்டத்தில் சொன்ன விடை. அதில் உண்மை இல்லாமலில்லை. 1961 ஏப்ரலில் அமெரிக்க உளவுத்துறை பயிற்றுவித்த ஏறத்தாழ 1,400 பேர் பன்றிகள் விரிகுடாவில் இறங்கினர். மூன்றே நாளில் முறியடிக்கப்பட்டனர். 1962 பிப்ரவரியில் முழு வணிகத்தடை வந்தது. 1960-க்கும் 1965-க்கும் இடையில் காஸ்ட்ரோவைக் கொல்லக் குறைந்தது எட்டுச் சதிகள் நடந்தன என்பதை 1975-இல் அமெரிக்க செனட் குழுவே கண்டறிந்தது. வணிகத்தடையைக் கண்டித்து ஐ.நா. பொதுச்சபை 1992 முதல் மீண்டும் மீண்டும் தீர்மானம் நிறைவேற்றி வந்திருக்கிறது. இந்தியாவும் அதற்கு வாக்களித்து வந்துள்ளது. முற்றுகையிடப்பட்ட கோட்டைக்குள் சுதந்திரம் செழிப்பது அரிது.

ஆயினும் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். விமானப்படையினரின் மறுவிசாரணையும் மாட்டோஸின் கைதும் 1959-இல் நடந்தவை. படையெடுப்புக்கும் தடைக்கும் முந்தியவை. ஒருபால் விருப்பினரை முகாமில் அடைத்தது எந்தப் படையெடுப்பைத் தடுத்தது? அந்த அநீதிக்குப் பொறுப்பு தம்முடையதே என்று 2010-இல் காஸ்ட்ரோவே ஒரு மெக்சிகோ நாளேட்டுக்குச் சொன்னார். அவரே அமெரிக்காமீது போடாத பழியை நாம் ஏன் போட வேண்டும்?

ஒரு வல்லரசை எதிர்த்து நின்றவர் மற்றொரு வல்லரசின் நிழலில் ஒதுங்கினார் என்பதும் உண்மை. 1968-இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் டாங்கிகள் நுழைந்ததை ஆதரித்தார். அணிசேரா இயக்கத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்துகொண்டே, 1980 சனவரியில் ஆப்கானிஸ்தான் படையெடுப்பைக் கண்டித்த ஐ.நா. தீர்மானத்துக்கு எதிராகக் கியூபா வாக்களித்தது. 1983 மார்ச்சில் புதுதில்லி மாநாட்டில் அப்பொறுப்பை இந்திரா காந்தியிடம் ஒப்படைத்து அவரை ஆரத்தழுவிய காட்சியை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். அந்தத் தழுவலின் அன்பும் மெய். அந்த வாக்கும் மெய். 1991-இல் சோவியத் ஒன்றியம் குலைந்தபோது கியூபப் பொருளாதாரம் மூன்றில் ஒரு பங்குக்குமேல் சுருங்கியது. உணவுக் குறையால் 1992, 1993-இல் பல்லாயிரவருக்குக் கண்பார்வை மங்கும் நரம்புநோய் கண்டது. 1994-இல் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் கட்டுமரம் போன்ற மிதவைகளில் கடலில் இறங்கினர்.

விலை வேண்டியதுதானா?

கடைசிக் கேள்விதான் கடினமானது. பள்ளியும் மருத்துவமனையும் கிடைத்ததே, அதற்குச் சுதந்திரத்தை விலையாகக் கொடுத்தால் என்ன என்று கேட்கிறார்கள். பசித்தவனுக்குப் பத்திரிகைச் சுதந்திரம் எதற்கு என்றும் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கியூபாவின் அண்டையில் கோஸ்டாரிகா என்றொரு சிறு நாடு. 1948-இல் தன் படையையே கலைத்துவிட்டுத் தேர்தல் வழியில் நடந்து, எழுத்தறிவிலும் மக்களின் ஆயுளிலும் கியூபாவுக்கு இணையாக வந்திருக்கிறது. அவ்வளவு தொலைவும் போக வேண்டியதில்லை. நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 1957-இல் பொதுவுடைமைக் கட்சி தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்தது. மைய அரசு 1959-இல் அதை நீக்கியது; அது ஓர் அநீதி என்றே கருதுகிறேன். ஆனால் அக்கட்சி தேர்தலில் வென்று மீண்டும் வந்தது, தோற்றபோது இறங்கியது, மறுபடியும் வந்தது. நிலச் சீர்திருத்தமும் நடந்தது. 1991-இல் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாகக் கேரளம் அறிவிக்கப்பட்டது. அங்கே யாரும் கவிஞனை மேடையேற்றித் தன்னைப் பழிக்கச் சொல்லவில்லை. கேரளத்துக்கு வல்லரசின் முற்றுகை இல்லை என்பது உண்மை. ஒப்பீடு முழுதும் பொருந்தாது. ஆனால் எழுத்துச் சொல்லிக்கொடுக்க எழுத்தாளனைச் சிறையிடத் தேவையில்லை என்பதைக் காட்ட இது போதும். விளக்கேந்திச் சென்ற அந்த ஓர் இலட்சம் பிள்ளைகளின் உழைப்புக்கும் மாட்டோஸின் சிறைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நன்மையும் தீமையும் ஒரே மனிதரிடமிருந்து வந்தன. ஒன்றிலிருந்து ஒன்று வரவில்லை.

முடிவாக

காஸ்ட்ரோ 2006-இல் நோயுற்று அதிகாரத்தைத் தம்பியிடம் ஒப்படைத்தார். 2016 நவம்பர் 25-இல் மறைந்தார். தமக்குச் சிலை வைக்கவும் தெருவுக்குப் பெயரிடவும் கூடாது என்பது அவர் விருப்பம், அதையே சட்டமாக்கினார்கள். சாந்தியாகோ இடுகாட்டில் ஒரு பாறைக்குள் அவர் சாம்பல் இருக்கிறது. அதன்மேல் அவர் பெயர் மட்டும் இருக்கிறது. அந்த எளிமை என்னைத் தொடுகிறது. ஆனால் சிலை வேண்டாம் என்றவர், தம்மைக் குறைகூறும் ஒரு தாளையும் வேண்டாம் என்றார். 2021 ஜூலை 11-இல் உணவும் மருந்தும் சுதந்திரமும் கேட்டுத் தெருவில் இறங்கியவர்களில் நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டனர். அவர்கள், எழுத்தறிவு பெற்ற அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள்.

இப்பொழுது அந்த முதலாண்டு நண்பருக்கு என் விடை: முடியாது, தம்பி. சைக்ளோஸ்டைல் தாளில் அரசியல் வாழ்வைத் தொடங்கிய ஒருவர் அமைத்த நாட்டில், அப்படியொரு தாளை வெளியிடுபவருக்குச் சிறைதான். அவர் கற்பித்த எழுத்தை நான் வணங்குகிறேன். அந்த எழுத்துக்கு அவர் இட்ட பூட்டை வெறுக்கிறேன். ஒன்றுக்காக மற்றதை மறைக்க இனி என்னால் இயலாது.

படம் இன்னும் என் அறைச் சுவரில்தான் இருக்கிறது. அதைப் பார்த்துக் கேள்வி கேட்பவரிடம் முன்போல் மழுப்புவதில்லை. அமர வைத்து, இரண்டு கதைகளையும் சொல்கிறேன். நான் எழுதியதில் பிழை காணும் நண்பர்கள் அடுத்த இதழில் மறுத்து எழுதுங்கள். ஆசிரியர் குழு அதை அச்சிடும். நானும் படித்துத் திருத்திக்கொள்வேன்.